இலை போடாத பந்தி

வட்டக்கோட்டைக்குப் போவதானால் வெயில் தாழ்ந்த பிறகு போக வேண்டும். கன்னியாகுமரியில் இருந்து கடலோரமாக வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டர். பெயர்தான் வட்டக்கோட்டை, கட்டிவைத்திருப்பது என்னவோ நீள்சதுரம். பெயருக்கும் பொருளுக்கும் இந்த நாட்டில் எப்போதும் அப்படியொரு உறவு. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேச்சு.

சரிவுப் பாதையில் ஏறி மதில்மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், கோட்டையின் காலடியில் வந்து மோதும். திரும்பிப் பார்த்தால் தென்னந்தோப்புகள், ஊடே தப்பிப் பிழைத்த பனைகள், அதற்கும் அப்பால் மருத்துவாழ் மலை. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் நூற்றுக்கணக்கில் காற்றாலைகள், வேலையற்றவன் கை வீசினாற்போல ஆனால் வேலையோடு சுற்றிக்கொண்டிருக்கும்.

அன்று நான் தனியாகப் போகவில்லை. நண்பரின் மகள் உடன் வந்திருந்தாள். நண்பர் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர், அவருடைய அப்பா பனையேறி. ஐம்பது அறுபது பனை ஏறி இறங்கிய கால்களின் பேத்தி இன்று வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். மூன்றாம் ஆண்டு. விடுமுறைக்கு வந்தவள் இனிப் போக மாட்டேன் என்கிறாள். மேசைமேல் வேதியியல் புத்தகம் இருந்த இடத்தில் இப்போது வங்கித் தேர்வு வினா வங்கி. நண்பர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீரு கொஞ்சம் எடுத்துச் சொல்லும்வே. நாஞ் சொன்னா எரிஞ்சு விழுகா."

எடுத்துச் சொல்வதில் நமக்கென்ன குறை! எழுதுகிறவனுக்கு அது தொழில் அல்லவா? முதலில் அவள் பாட்டைக் கேட்டேன்.

நுழைவுத் தேர்வில் தேறிச் சேர்ந்தாயிற்று. ஆனால் ஏழு மாதம் கைடு இல்லை. யாரைக் கேட்டாலும் இடமில்லை என்றார்கள். பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கு இடம் இருந்தது. பிறகு ஒருவர் ஏற்றுக்கொண்டார். முதல் நாளே ஆய்வகத்தில் ஒரு சீனியர் கேட்ட கேள்வி, கேட்டகரியா? விலை கூடிய கருவி ஒன்று உண்டு, அதில் மாதிரிகளைப் போட்டுப் பார்த்தால்தான் ஆய்வு நகரும். இவளுக்கு ஒதுக்கும் நேரம் நள்ளிரவு 12-இல் இருந்து 4 வரை. விடுதிக் கதவு பத்து மணிக்குப் பூட்டிவிடும். கருத்தரங்கில் பேச எழுந்தால் இவளுடைய ஆங்கில உச்சரிப்புக்கு இரண்டு பேராவது வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். ஒன்றரை வருட உழைப்பில் ஒரு கட்டுரை வந்தது. இவள் பெயர் நான்காவது.

"அடிச்சாங்களா, வஞ்சாங்களான்னு அப்பா கேக்காரு. அப்படி ஒண்ணும் இல்ல மாமா. அவிய என்னயத் தொரத்தல்ல. சேத்துக்கிட்டாவ. இருக்கதுக்குத்தான் எடம் தரல்ல" என்றாள்.

கல்யாண வீட்டுப் பந்தி நினைவுக்கு வந்தது. வாசலில் நின்று சந்தனம் தந்து, வாங்க வாங்க என்று கைபிடித்து அழைத்துப்போய் உட்கார்த்துவார்கள். வரிசை முழுக்க இலை விழும், நமக்கு மட்டும் விழாது. பரிமாறுகிறவன் கண் நம்மைத் தாண்டித் தாண்டிப் போகும். எழுந்து போனால் கோபக்காரன். இருந்தால் பட்டினி.

நான் என் தொழிலைத் தொடங்கினேன். காற்றாலைகளைக் காட்டினேன்.

"அதப் பாத்தியா மக்கா? இந்தியாவில் எங்கெங்கே எவ்வளவு காற்று வீசுகிறது என்று அளந்து தொகுத்துப் புத்தகமாகப் போட்டவர் ஒரு பெண்."

அன்னா மாணி. 1918-இல் அன்றைய திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரக் கம்மல் கொடுத்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்ட பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்து, 1940-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். சிறுவயதில் வேண்டாம் என்ற வைரம் அங்கே ஆய்வுப் பொருளாகக் காத்திருந்தது. வைரத்தின் ஒளிர்வையும் நிறமாலையையும் பதிவு செய்ய ஒரு தகட்டுக்குப் பதினைந்து இருபது மணிநேரம்கூட ஆகும், இரவில் ஆய்வகத்திலேயே தூக்கம். தனித்து எழுதிய ஐந்து கட்டுரைகள் வெளியாகின. ஆணும் பெண்ணும் பேசிப் பழகுவது ராமனுக்குப் பிடிக்காது என்பதால், சக ஆய்வாளர்களோடு கலந்து விவாதிக்கும் வாய்ப்புக்கூடக் குறைவு. 1945-இல் ஆய்வேட்டை சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று காரணம் சொல்லி முனைவர் பட்டம் மறுத்துவிட்டார்கள். அந்த ஆய்வேடு பட்டம் பெறாமலேயே பெங்களூர் ராமன் ஆய்வுக் கழக நூலகத்தில் தங்கிவிட்டது.

அவர் ஓய்ந்துவிடவில்லை. அரசு உதவித்தொகையில் லண்டன் போய் வானிலைக் கருவிகள் பற்றிப் படித்துத் திரும்பினார். புனேயில் இந்திய வானிலைத் துறையில் 1953 வாக்கில் அவருடைய பிரிவில் அவருக்குக் கீழ் 121 ஆண்கள். துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு. அதன்பிறகுதான் சூரியக் கதிர்வீச்சுத் தரவு நூல்கள், காற்றாற்றல் தரவு நூல்கள் எல்லாம். 2001-இல் காலமானார்.

சொல்லி முடித்து, அடுத்து பனையைக் காட்டினேன். "ஒன் தாத்தா ஏறுன பனை. அந்தப் பதநீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனதும் ஒரு பெண்தான்."

கமலா பாகவத், திருமணத்துக்குப் பின் கமலா சோஹோனி. 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, அதே இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். இயக்குநர் ராமன். பெண் என்பதால் மறுப்பு. கமலா விடவில்லை, நேரில் போய் அமர்ந்து வாதாடினார். கடைசியில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. முதல் ஓராண்டு முறையான மாணவி இல்லை, பரீட்சார்த்தம்தான். கைடு சொல்லும் நேரமெல்லாம், இரவானாலும், வேலை செய்ய வேண்டும். ஆண் ஆய்வாளர்களின் கவனத்தைச் சிதறடிக்கக் கூடாது. சிதறுவது அவர்களுடைய கவனம், நிபந்தனை இவருக்கு! ஓராண்டில் அவர் வேலையைப் பார்த்து ராமன் மனம் மாறினார், பெண்களுக்குக் கதவு திறந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். பால், பருப்பு வகைகள் என்று ஏழை எளியவர் உண்ணும் உணவை ஆய்ந்தவர், வடக்கே நீரா என்று சொல்லும் பதநீரின் ஊட்டச்சத்தையும் ஆய்ந்து அதற்காகக் குடியரசுத் தலைவர் விருதும் வாங்கினார்.

"பாத்தியா? எத்தனை இடைஞ்சல், எப்படிப் பொறுத்து எப்படி வந்திருக்காங்க!" என்று முத்தாய்ப்பு வைத்தேன். தலைமையாசிரியர் கொடியேற்றிப் பேசிய திருப்தி.

அவள் காற்றாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அன்னா மாணிக்க அப்பா என்ன வேல மாமா?"

"சிவில் இஞ்சினியர். ஏலக்காய்த் தோட்டம் உண்டு."

"எட்டு வயசில வைரக் கம்மல் வேண்டாம்ணு சொல்லதுக்கு வீட்டில மொதல்ல வைரக் கம்மல் இருக்கணும்லா? அவங்களுக்குப் பட்டம் கிடைக்கல்ல, லண்டன் போனாங்க. எனக்குப் பட்டம் கிடைக்கல்லண்ணா அஞ்சுகிராமந்தான் போணும்."

எனக்குப் பதில் இல்லை. அவள் சொன்னதில் அன்னா மாணியைக் குறைத்துப் பேசும் நோக்கம் எதுவும் இல்லை. என்னைத்தான் குறைத்தாள், அதுவும் நியாயமாக. சகித்து மேலே வந்தவர்களின் கதையைச் சொல்லி, சகிக்கும்படி அறிவுரை சொல்வது நமக்குச் சுலபம். சகிக்க முடியாமல் ஊர் திரும்பியவர்களின் கதையை யாரும் பாடப்புத்தகத்தில் போடுவதில்லை. வசதியான வீட்டில் பிறந்தவரையே அந்த ஆய்வகம் இப்படி நடத்தியதென்றால், வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு என்ன கதி என்றல்லவா நான் கேட்டிருக்க வேண்டும்? ராமன் மேதை. 1930-இல் நோபல் பரிசு வாங்கியவர், நம் திருச்சி மண்ணில் பிறந்தவர். அதில் மறுபேச்சு இல்லை. மேதையின் மனம் மாறக் காத்திருக்க வேண்டிய நிலையில் ஒரு மாணவியின் வாழ்க்கை இருந்தது என்பதுதான் நம் விவகாரம். மனம் மாறாமல் போயிருந்தால்?

உட்கார்ந்திருந்த கல்லே இன்னொரு கதை சொல்லும். இந்தக் கோட்டையைக் கருங்கல்லில் பலப்படுத்திக் கட்டியவர் டிலனாய். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டவர், டச்சுப் படையைச் சேர்ந்தவர். எதிரியின் ஆள், வேற்று மதம், வேற்று மொழி. ஆனாலும் வேலை தெரிந்தவன் என்று மார்த்தாண்ட வர்மா அவரிடம் தம் படையைப் பழக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். அதே திருவிதாங்கூர் 1884-இல் என்ன செய்தது? திருவனந்தபுரத்தில் பிறந்த பல்பு என்ற ஈழவ இளைஞன் மருத்துவப் படிப்புக்கான தேர்வில் தேறினான். இடம் தரவில்லை. அவன் சென்னைக்குப் போய் மருத்துவம் படித்துத் திரும்பினான். வேலையும் தரவில்லை. மைசூர் அரசு தந்தது. 1898-இல் பெங்களூரில் பிளேக் பரவியபோது அந்த முகாம்களில் நின்று வேலை பார்த்தவர் டாக்டர் பல்பு. இழந்தது யார்? கடல் கடந்து வந்த கைதியிடம் திறமையைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, சொந்தக் குடிமகனிடம் சாதியைத்தான் பார்க்கத் தெரிந்தது.

தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். தகுதி வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? தேர்வு எழுதித் தேறித்தானே சேர்கிறார்கள். சேர்ந்த பிறகு கருவிக்கு நேரம் தராமல், கைடு தராமல், பேச விடாமல் வைத்திருந்துவிட்டு, நான்கு வருடம் கழித்து ஒன்றும் செய்யவில்லை பார்த்தீர்களா என்று கேட்பது எந்தத் தகுதியைச் சேர்ந்தது? காலைக் கட்டிவைத்துவிட்டு ஓட்டப்பந்தயத்தில் நேரம் குறிக்கிற கணக்கு.

ஆராய்ச்சிக் கூடம் என்பது விசித்திரமான இடம். கல்லூரி வகுப்பில் பத்து ஆசிரியர்கள் உண்டு, ஒருவர் முறைத்தால் இன்னொருவர் சிரிப்பார். ஆய்வகத்தில் எல்லாம் ஒற்றைக் கையெழுத்து. உதவித்தொகைப் படிவத்தில் கைடு கையெழுத்து, கருவி எடுக்கக் கைடு கையெழுத்து, கருத்தரங்குக்குப் போக, ஆய்வேடு சமர்ப்பிக்க, வைவா நாள் குறிக்க, நாளை வேலைக்குப் போனால் சிபாரிசுக் கடிதம், எல்லாம் அதே கை. ஜமீன் ஒழிந்தது என்று யார் சொன்னது? நல்ல மனிதர் அமைந்தால் அவர் தகப்பனுக்கு மேல். அப்படிப்பட்டவர்களை நான் அறிவேன், சொந்தப் பணத்தில் மாணவனுக்கு விடுதிக் கட்டணம் கட்டியவர்கள். அமையாவிட்டால், கைடின் வீட்டுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டு, ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நிற்க வேண்டும். ஒருவருடைய எதிர்காலம் இன்னொருவருடைய நல்ல மனசை நம்பி இருக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் கல்வி அல்ல, ஜாதகம்.

இதற்குக் கொடுத்த விலையும் சின்னதில்லை. 2008 பிப்ரவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இறந்துபோன செந்தில்குமார் நம் சேலத்துப் பிள்ளை, தலித் குடும்பம். இயற்பியல் ஆய்வில் சேர்ந்தவருக்கு வழிகாட்டி ஒதுக்கப்படவே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள் என்று ஆய்ந்து பேராசிரியர் சுக்தேவ் தோரட் தலைமையிலான குழு அறிக்கை தந்திருந்தது. ஆசிரியர்களின் பாராமுகத்தில் இருந்து விடுதியில் ஒதுங்கிப்போகும் நிலைமை வரை அதில் இருந்தது. பிறகு 2016 ஜனவரியில் அதே ஐதராபாத்தில் ரோஹித் வெமுலா. அவருடைய உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றுபோயிருந்தது.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் சமத்துவத்துக்கான விதிமுறைகள் வெளியிட்டது. ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையம் வேண்டும், பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் ஒருவர் வேண்டும். எத்தனை இடத்தில் அந்த அலுவலரின் பெயர் மாணவர்களுக்குத் தெரியும்? ரோஹித்தின் தாயும், மும்பையில் இறந்த மருத்துவ மாணவி பாயல் தட்வியின் தாயும், அந்த விதிகளை நடைமுறைப்படுத்தக் கோரி 2019-இல் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. போட்ட விதியைக் கடைப்பிடி என்று கேட்க, பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார் படியேற வேண்டிய நாடு இது. அதே 2019-இல் மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அதன் பட்டியலிலேயே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உட்படச் சில உயர் ஆய்வு நிறுவனங்களுக்கு விலக்கு. பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பும், ஆய்வை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டும் உண்டு என்று விதி சொல்கிறது. கைடிடம் போய் அந்த விடுப்பைக் கேட்கத் துணிந்தவளிடம் கேட்டுப்பாருங்கள், முகம் எப்படிப் போகும் என்று. பெயர் வட்டம், மதில் சதுரம்.

அப்படியானால் என்னதான் செய்யலாம்? மனசு மாற வேண்டும் என்று சொல்லி முடித்துக்கொள்வது நம் வழக்கம். மாறட்டும், நல்லதுதான். அதுவரை ஒரு நோட்டுப் புத்தகமாவது போடலாம். கருவியை யார், எந்த நாள், எத்தனை மணி நேரம் எடுத்தார்கள் என்று ஒரு பதிவேடு, எல்லோர் கண்ணிலும் படும் சுவரில். நள்ளிரவு முறை வந்தால் எல்லோருக்கும் சுற்றி வரட்டும், விடுதிக் கதவும் அதற்கேற்பத் திறக்கட்டும். சேர்ந்த மாணவருக்கு இத்தனை நாளுக்குள் கைடு ஒதுக்கியாக வேண்டும், ஒதுக்காவிட்டால் துறைத் தலைவர் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். கட்டுரையில் யார் பெயர் எங்கே என்பதை வேலை தொடங்கும்போதே பேசி எழுதிவைத்துவிடலாம். ஒற்றைக் கையெழுத்துக்குப் பதில் இரண்டு மூன்று பேர் சேர்ந்த குழு. புகார் கேட்கிறவர் அதே துறைக்காரராக இருக்கக் கூடாது. சக்கர நாற்காலி உள்ளே போகும் அகலத்தில் ஒரு கதவு, கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மேசை. பெண்களுக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை. வாராந்திரக் கூட்டத்தில் முதலில் பேசுவது இளையவராக இருக்கட்டும், எந்த மொழி கலந்து பேசினாலும் சிரிப்பு வேண்டாம். மூலக்கூறுகளுக்கு இலக்கணப் பிழை தெரியாது.

இதில் எதற்காவது நிதி அமைச்சகத்தில் கோப்பு நகர வேண்டுமா? இரண்டொன்று தவிர மீதிக்கெல்லாம் ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். ஆனால் செய்ய மாட்டார்கள். ஏனென்றால் எழுதிவைத்த விதி வந்துவிட்டால், கருணை காட்டும் அதிகாரம் போய்விடும். உரிமையாகப் பெற்றுப்போகிறவனைவிடக் கும்பிட்டு வாங்கிப்போகிறவனைத்தானே நமக்கு ரொம்பப் பிடிக்கும்?

விஞ்ஞானம் கெட்டுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். பதநீரைப் பற்றி யோசிக்கப் பதநீர் குடித்த வீட்டுப் பிள்ளை வேண்டாமா? உப்பளத்தில் கால் வெந்தவளின் மகளுக்குத் தோன்றும் கேள்வி, குளிரூட்டிய அறையிலேயே வளர்ந்தவருக்குத் தோன்றுமா? ஒரே தெருவில் இருந்து வந்தவர்கள் பத்துப் பேர் ஓர் ஆய்வகத்தில் இருந்தால், பத்துப் பேருக்கும் ஒரே சந்தேகம்தான் வரும்.

காவலாளி விசில் ஊதினார். கோட்டை மூடும் நேரம். இறங்கும்போது அவள் சொன்னாள், கைடுக்கும் துறைத் தலைவருக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறாளாம். கருவிக்குப் பகலில் நேரம் வேண்டும், அடுத்த கட்டுரையில் பெயர் வரிசையை இப்போதே முடிவு செய்ய வேண்டும், வழிகாட்டும் குழுவில் இன்னொருவர் வேண்டும். மூன்றே வரி. கெஞ்சல் இல்லை, வசவும் இல்லை.

"பதில் வரட்டும், பெறவு டிக்கெட் போடுகேன். லேப்ல பதினோரு பேரு இருக்காங்க, எல்லாத்துக்கும் கருப்பட்டி எடுத்து வச்சிருக்கேன்" என்றாள்.

எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. பஸ் நிறுத்தம் வந்தபிறகு, மறந்துபோனதைச் சொல்வதுபோலச் சொன்னாள்: "பாங்க் பரீட்சைக்கும் பணம் கட்டியாச்சு மாமா."

நண்பர் வாசலில் காத்துக்கொண்டிருப்பார், எடுத்துச் சொன்னீரா என்று கேட்பார். எடுத்துச் சொல்ல வேண்டிய இடம் அவள் இல்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும்.